ரேடியோ வாசித்த வாத்துக் கதை

அந்தப் பெண்ணுக்குப் பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் ரேடியோ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். காதில் ஒரு தடவை விழுந்தால் போதும், ஏற்ற இறக்கம்கூட மாறாமல் திருப்பிச் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த சண்டையை, அந்த மாமியார் வந்து உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு குரலிலும் நடித்துக் காட்டி, அம்மாவிடம் முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டவள். வயது பத்துதான். வாய்க்கு மட்டும் நாற்பது இருக்கும்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் எழுத்து மட்டும் அவளுக்குப் பிடி கொடுக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் கொம்பு, கால், சுழி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். நேற்று நன்றாகப் பழகிய எழுத்து இன்றைக்கு யாரோ எவரோ என்று பார்க்கும். இது வெளியே தெரியாமல் இருக்க அவள் போட்ட நாடகம் இருக்கிறதே, அடேயப்பா! வாசிக்கும் முறை தன்னிடம் வருவதற்குள் பென்சில் கீழே விழும், தாகம் எடுக்கும், வயிறு வலிக்கும். எதுவும் பலிக்காத நாளில், முன்னால் இருப்பவள் கிசுகிசுப்பதை அப்படியே வாங்கி ஒலிபரப்பிவிடுவாள். டீச்சர்களும் பாவம், ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர்கள், ஏமாந்துதான் போனார்கள்.

பரீட்சைத் தாளிடம் மட்டும் இந்த ஜம்பம் சாயவில்லை. போன வருஷம் அவளை அதே வகுப்பில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அப்பா, "சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். ரேடியோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதை ஏற்றுக்கொண்டாள்.

அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது தங்கை. அவளுக்கு வக்கீல் என்று பெயர். எதையும் ஏன், எதற்கு என்று குடைந்து எடுத்து, கடைசியில் எதிராளியைத் திருதிருவென்று விழிக்க வைக்கிற ஜாதி. அக்காவுக்கு ஒரு வகுப்பு கீழே படிக்கிறாள்.

"அக்கா, அடுத்த வருஷம் ஜன்னல் பக்கம் நான்தான் உட்காருவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் ஒருநாள், தலை பின்னிக்கொண்டே.

"நீ எங்க வேணா உட்காரு. எனக்கு என்னடி?"

"உனக்குத்தான். நான் உன் வகுப்புக்கு வரேன். நீ அங்கயே இருப்பே. நம்ம ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுலதானே போடுவாங்க?"

இந்த உலகத்தில் எந்த அக்காவுக்கும் வரக் கூடாத கதி அது. தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கை கை தூக்கிப் பதில் சொல்வதைத் தினமும் பார்ப்பது! அதைவிட வேறு பள்ளிக்கூடம், வேறு வீடு, வேறு அப்பா அம்மா எதுவானாலும் சரி என்று ரேடியோவுக்குத் தோன்றியது.

அந்த வருஷம்தான் டப்பா டீச்சர் வந்தார். எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கென்று தனியாகப் படித்துவிட்டு வந்தவர். மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார்கள். அதில் சுவர் முழுக்க டப்பாக்களை அடுக்கினார். ஒன்றில் மணல், ஒன்றில் களிமண், ஒன்றில் எழுத்து ஒட்டிய பாட்டில் மூடிகள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். ஒருத்தர் முதுகில் ஒருத்தர் எழுத்துப் போட்டு, என்ன எழுத்து என்று கண்டுபிடித்தார்கள். பாதி நேரம் கூச்சம் தாங்காமல் கீச்சுக்கீச்சென்று கத்தல்தான். டப்பா டீச்சரும் சேர்ந்து சிரிப்பார். டீச்சர் என்றால் முறைக்க வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

ரேடியோவின் வயிற்று வலியை அவர் முதல் வாரத்திலேயே பிடித்துவிட்டார். "இந்த வலி புத்தகத்தைத் திறந்தா வருது, மூடினா போயிடுது. ரொம்ப மரியாதை தெரிஞ்ச வலியா இருக்கே" என்றார். ரேடியோவுக்கு அசடு வழிந்தது. ஆனால் கோபம் வரவில்லை. கொஞ்ச மாதங்களில் மணலில் எழுதி எழுதி, அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி ஜன்னல் வெட்டி வைத்துக்கொண்டு, தத்தித் தத்தி ஒரு வரி படிக்கிற அளவுக்கு வந்திருந்தாள். ஒரு வரிதான். அதற்கே வியர்த்துவிடும்.

ஒரு வரியை வைத்துக்கொண்டு பரீட்சை எழுத முடியுமா? அதற்கும் டீச்சர் வழி வைத்திருந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. பரீட்சையில் கேள்வியை ஒருத்தர் வாசித்துக் காட்டுவார், பிள்ளை வாயால் பதில் சொல்லலாம். வாயால் பதில் சொல்வதா? ரேடியோவுக்கா? பாடம் முழுக்க அவள் காதுக்குள் பத்திரமாக இருந்தது. கேட்க ஆள் இருந்தால் வகுப்பையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். ஆனால் அந்தச் சலுகைக்கு, வருஷத்துக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து வரும் நிபுணர் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும்.

"தெரிஞ்சதைத் தெரியும்னு சொல்லு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. அவ்வளவுதான் அந்த டெஸ்ட்" என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். ரேடியோ நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினாள்.

சோதனை நாள் வந்தது. நிபுணர் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கியது. பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் கடிகார சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார். மற்றவர்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். ரேடியோ ரொம்பப் பயந்த மாதிரி தெரிந்ததால், பயம் தெளியட்டும் என்று டப்பா டீச்சர் அவளைக் கடைசியாக உட்கார வைத்தார். பிள்ளை மனசு தெரிந்தவர் செய்கிற காரியம்தான். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் சரியாகவே இருந்திருக்கும்.

நூலகக் கதவு மழையில் ஊறி உப்பிப்போன கதவு. எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் நிற்கும்.

முதலில் போனவன் தூங்குமூஞ்சி. "ஒரு... ஒரு குள... குளத்தில்... ஒரு வாத்து" என்று கேட்டது. அப்புறம் நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்துப் போன சிணுங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அந்த வாத்துக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பதுவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். கோந்து என்று ஒருவன், அவன் முதல் வரியை விட்டுவிட்டு நேராக மூன்றாவது வரிக்குப் போனான். ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் சொன்னார். ஒருத்தர் தடுக்கிய இடத்தில் சாரே பொறுமை இழந்து எடுத்துக் கொடுத்தார். வெளியே பெஞ்சில் ரேடியோ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனப்பாடம் பண்ண வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. மூச்சு விடுகிற மாதிரி அது தானாக நடந்தது. அவளுக்கு முந்தின பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் வாத்தின் முழுக் கதையும் அவளிடம் தயாராகிவிட்டது.

உள்ளே போனாள். சார் தாளைக் கொடுத்தார், ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார்.

டீச்சர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாலு வருஷப் பழக்கம் விடுமா? வாயிலிருந்து வாத்துதான் வந்தது.

"ஒரு குளத்தில் ஒரு வாத்து இருந்தது. அதற்குத் தண்ணீர் என்றால் பயம். மற்ற வாத்துகள் நீந்தும்போது அது கரையில் நின்று வேடிக்கை பார்க்கும். ஏன் நீந்தவில்லை என்று கேட்டால், சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடும்..."

விரல் பாட்டுக்கு வரிக்குக் கீழே நகர்ந்தது. ஒரு இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் திக்கினாள். ரொம்பச் சுத்தமாக இருந்தாலும் சந்தேகம் வரும் என்பது அவள் அனுபவம். நாய் ஒன்று துரத்திக்கொண்டு வந்து, வாத்து தண்ணீரில் குதித்து, கதை முடிந்தபோது விரல் இன்னும் பாதித் தாளில்தான் இருந்தது. சட்டென்று அதைக் கடைசி வரிக்கு இழுத்துவிட்டாள். சார் கவனிக்கவில்லை. அவர் கண் ஸ்டாப்வாட்ச் மேல் இருந்தது.

"வெரிகுட்!" என்றார். "உன்னை யாரும்மா இங்க அனுப்பினது? உனக்கு ஒண்ணுமே இல்லையே!"

அடுத்து எழுதச் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். ஆனால் காலையிலிருந்து அதே வாத்தைக் கேட்டு அவருக்குத் தலை சுற்றியது. இவ்வளவு அழகாக வாசிக்கிறவளுக்கு எழுத்துச் சோதனை எதற்கு என்று பேனாவை மூடிவிட்டார். கதையிலிருந்து கேட்ட கேள்விகளுக்கு ரேடியோ சொன்ன பதிலில் அவருக்கு வாயெல்லாம் பல்.

வாசித்ததற்காக அவளை யாரும் இதுவரை வெரிகுட் என்று சொன்னதில்லை. அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. இந்த உண்மையையும் சொல்லித்தானே ஆக வேண்டும். பொய்தான் என்று தெரிந்தும் பிடித்தது.

வாசலில் அவளை அழைத்துப்போக அப்பா நின்றுகொண்டிருந்தார். கடிகார சார் அவரிடமே சொன்னார். "பொண்ணு பிரமாதமா வாசிக்கிறா. கொஞ்சம் விளையாட்டுப் புத்தி, அவ்வளவுதான். கண்டிச்சு வளருங்க." பக்கத்தில் டப்பா டீச்சர் பேயறைந்த மாதிரி நின்றார்.

அப்பாவுக்குத் தலை கால் புரியவில்லை. அவருக்குக் கடைத்தெருவில் சாவி வெட்டும் கடை. ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் நிற்க முடியாத இடம். மேலெல்லாம் சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ரேடியோவை நேராக அங்கே கூட்டிப்போய், சாவி கேட்டு வந்தவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொன்னார். பூட்டு ரிப்பேருக்கு வந்தவரிடம் சொன்னார். வழி கேட்டு வந்தவரைக்கூட விடவில்லை.

"சோம்பேறித்தனம்தான்னு நான் அப்பவே சொன்னேன். பெரிய டாக்டரே சொல்லிட்டார்" என்று, நகல் சாவிக்குக் காத்திருந்த ஒரு நர்ஸ் அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டே, எதிரே கிடந்த பேப்பரை எடுத்து மகள் கையில் கொடுத்தார். "இந்த அம்மாவுக்கு ஒரு செய்தி படிச்சுக் காட்டு, பார்ப்போம்."

பென்சில் இல்லை, கீழே போட. ரேடியோ பேப்பரை விரித்தாள். பக்கத்து டீக்கடை டிவியில் சற்று முன் ஓடிய செய்தி காதில் இருந்தது. "அடுத்த இரண்டு நாட்களுக்குப் பரவலாக மழை பெய்யக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று கணீரென்று படித்தாள்.

அப்பா கண் கலங்கிவிட்டார். நர்ஸ் அம்மா எட்டிப் பேப்பரைப் பார்த்தார். அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு விளம்பரம், குளிர்சாதனப் பெட்டிக்கு. அவர் ரேடியோவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சாவியை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். போகும்போது திரும்பி ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு இல்லை. பரிதாபம் இருந்தது. ரேடியோவுக்கு அது திட்டைவிட மோசமாகப் பட்டது.

மிச்சத்தை வக்கீல் முடித்து வைத்தாள். வீட்டில் எல்லாரும் குதூகலமாக இருக்கும்போது அவள் மட்டும் கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். "அப்போ அக்காவுக்குக் குறை எதுவும் இல்ல?"

"இல்லவே இல்ல" என்றார் அப்பா.

"அப்போ பரீட்சையில யாரும் கேள்வி படிச்சுக் காட்ட மாட்டாங்க?"

"எதுக்குப் படிச்சுக் காட்டணும்? அவளே படிப்பா."

வக்கீல் அக்காவைப் பார்த்து இனிக்க இனிக்கச் சிரித்தாள். "ஜன்னல் பக்கம் எனக்கு. மறந்துடாதே."

மறுநாள் காலை மாடிப்படிக்குக் கீழே டப்பா டீச்சர் காத்திருந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. "அந்த வாத்துக் கதையை எனக்கும் சொல்லேன்" என்றார்.

ரேடியோ சொன்னாள். இந்தத் தடவை ஒளிவு மறைவு வேண்டியிருக்கவில்லை, அதனால் ஒவ்வொரு வரியையும் அது யாரிடமிருந்து வந்ததோ அவர்கள் குரலிலேயே சொன்னாள். தூங்குமூஞ்சியின் கொட்டாவி, சிணுங்கியின் மூக்குறிஞ்சல், நடுநடுவே கடிகார சாரின் "ம்ம், மேலே, மேலே." டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரை. பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.

"தப்பு என்னோடதுடா" என்றார். "பயம் தெளியட்டும்னு கடைசியா உட்கார வச்சேன். எல்லாப் பிள்ளைக்கும் அது சரி. உன் காதை எப்படி மறந்தேன்? சார்கிட்ட சொல்லிப் பார்த்துட்டேன். என் காதால கேட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறார். இன்னைக்கு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுவார். அதுக்கு முன்னாடி உங்கப்பாவை வரச் சொல்லியிருக்காங்க."

"என்னை மறுபடியும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க டீச்சர்."

"அவர் மாட்டேங்கறார். நீ சொன்னா ஒருவேளை கேட்பார்."

"என்னன்னு சொல்றது?"

"உள்ளதை."

"அப்பா இருப்பாரே."

"இருப்பார்."

"அவரை வெளிய அனுப்பிட்டு..."

"சலுகைக்கு அவரும் கையெழுத்துப் போடணும்டா" என்றார் டீச்சர். "இதோ பார், நான் உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். நீ வாயைத் திறக்கலேன்னா, உனக்குப் படிக்கத் தெரியும்னே இருக்கட்டும். நாம இங்க மணல்ல எழுதிக்கிட்டே இருப்போம். எப்படியும் ஒருநாள் வரும். ஆனா இந்தப் பரீட்சைக்குள்ள வராது."

அங்கேதான் சிக்கல். ஒரு பக்கம் தங்கையும் அந்த பெஞ்சும். இன்னொரு பக்கம், நேற்றுக் கண் கலங்கிய அப்பா. ரேடியோ நூலகத்துக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உள்ளே கடிகார சார் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ரிப்போர்ட் எழுதினார். எழுதி முடித்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். கதவு வழக்கம்போல இடைவெளி விட்டு நின்றது.

அப்பா கடையைப் பூட்டிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தலைமையாசிரியை ஒரு தட்டில் டீ எடுத்துவரச் சொல்லி, எல்லாரையும் நூலகத்தில் உட்கார வைத்தார். டப்பா டீச்சர் மறுசோதனை என்று ஆரம்பித்ததுமே கடிகார சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"மேடம், எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கறேன். சரளமா வாசிக்கற பொண்ணுக்கு வாசிக்க வரலைன்னு எப்படிச் சான்று கொடுக்கறது? என் காதுல பூ சுத்தாதீங்க."

"அதானே! நேத்து கடையில பேப்பரே படிச்சா சார்" என்றார் அப்பா.

டப்பா டீச்சர் ரேடியோவைப் பார்த்தார்.

தெரியாது என்ற வார்த்தை ரேடியோவின் வாய்வரை வந்து திரும்பிப் போனது. நேராகச் சொல்ல அவளால் ஆகாது. நேராக எதைத்தான் அவள் செய்திருக்கிறாள்? மேஜைமேல் ரிப்போர்ட் கிடந்தது.

"சார், இது என்னைப் பத்தித்தானே? நான் படிக்கட்டுமா?"

"படி, படி. டீச்சருக்கும் கேட்கட்டும்" என்றார் சார்.

ரேடியோ தாளை எடுத்துக்கொண்டாள். முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

"'மாணவி சரளமாக வாசிக்கிறார். உச்சரிப்பு தெளிவாக உள்ளது.'"

சார் தலையாட்டினார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'கவனச் சிதறல் மட்டுமே காணப்படுகிறது. பெற்றோர் கண்டிப்புடன் இருக்க வேண்டும்.'"

சார் மறுபடியும் தலையாட்டினார். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"'நாளைக்கு உங்கம்மா வீட்டுக்கு நான் வரல. பல் வலின்னு சொல்லிடு.'"

சாரின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

"'இந்த ஸ்கூல் டீயை மனுஷன் வாயில வைக்க முடியுமா? அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் வேற, பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேங்குது. நேத்து உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன்.'"

தலைமையாசிரியை உதட்டுக்குக் கொண்டுபோன டீயை மெல்லக் கீழே வைத்தார். டப்பா டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு புத்தக அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"ஏய்! அதுல அப்படி எங்க எழுதியிருக்கு?" என்று சார் எழுந்தே நின்றுவிட்டார்.

"எழுதலையா சார்?" ரேடியோ தாளைப் புரட்டிப் பார்த்தாள். "எனக்கு எப்படி சார் தெரியும்? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

சொல்லிவிட்டாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் அந்தக் கடைசி வார்த்தை வெளியே வந்தபோது குரல் உடைந்துவிட்டது. அது யார் குரலும் இல்லை, அவள் குரல்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பெஞ்சைப் பற்றியும், கதவைப் பற்றியும், வாத்து துண்டு துண்டாக வந்து சேர்ந்ததைப் பற்றியும் சொன்னாள்.

"நேத்து கடையில?" என்று அப்பா கேட்டார்.

"அது டீக்கடை டிவியில வந்ததுப்பா."

"அப்போ... அதுக்கு முன்னாடி எல்லாம்?"

"எப்பவுமே அப்படித்தான்பா."

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏன்டா சொல்லல? சோம்பேறி சோம்பேறின்னு இத்தனை நாள் திட்டினேனே, அப்பக்கூட ஏன் சொல்லல?"

"சோம்பேறின்னா அடுத்த வருஷம் சரியாயிடலாம்ப்பா" என்றாள் ரேடியோ. "முயற்சி பண்ணியும் வரலைன்னா, அதுக்கு என்ன பேர்னு எனக்குத் தெரியல."

அப்பா சாவி வெட்டுகிற மனிதர், கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது அது என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் கிடந்தது. டப்பா டீச்சர்தான் சொன்னார். "அதுக்குப் பேர் இருக்குங்க. வழியும் இருக்கு. சோம்பேறித்தனம் அது இல்ல. இவ நாலு வருஷமா இதை மறைக்கப் பட்ட பாட்டுல பாதிகூட மத்த பிள்ளைங்க படிக்கறதுக்குப் பட்டிருக்க மாட்டாங்க."

கடிகார சாரையும் சும்மா சொல்லக் கூடாது. முகம் சிவந்து போயிருந்தது, ஆனாலும் உட்கார்ந்தார். தலைமையாசிரியை பக்கம் திரும்பாமல் பையை அடிவரை துழாவி, ஒரு மூலை மடங்கிய தாளை எடுத்தார். "இதை இங்க யாரும் படிக்கல. என்னால முடிஞ்சது இதான். படிம்மா. தெரிஞ்ச வரைக்கும் படி, போதும்."

ரேடியோ தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்தத் தடவை காதில் ஒன்றும் இல்லை. முதல் எழுத்தை மேஜைமேல் விரலால் வரைந்து பார்த்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். உதட்டுக்குமேல் வியர்த்தது. "ம...ழை" என்றாள். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டாள். அடுத்த வார்த்தையின் கொம்பில் போய் முட்டிக்கொண்டாள், பின்னால் வந்தாள், மறுபடி போனாள். அப்பா தாங்க முடியாமல் எடுத்துக் கொடுக்க வாயசைத்தார். டப்பா டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார். நேற்று மகள் மளமளவென்று வாசித்ததைப் பார்த்துக் கண் கலங்கியவர், இன்று மூன்று வார்த்தைக்கு அவள் படும் பாட்டைக் கண்கொட்டாமல் பார்த்தார். எத்தனை தடவை திட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"போதும்மா" என்றார் கடிகார சார். குரல் தணிந்திருந்தது. பழைய ரிப்போர்ட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதுத் தாளை எடுத்துக்கொண்டார். "எனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு. சான்று இன்னைக்கே எழுதிடறேன்."

ரேடியோ விரலை எடுக்கவில்லை.

"இருங்க சார். இந்த வரி இன்னும் முடியல. ரெண்டு வார்த்தை இருக்கு."

அப்பாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. சாவியைத் தொலைத்துவிட்டு எவரோ தம் வீட்டு வாசலில் நின்றிருப்பார். அப்பா அதை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெதுவாப் படிம்மா" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவள் அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்தினாள்.